கைப்பிரதியைக் கையில் வாங்கியவர்கள்

1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயார்க்கின் ரைன்ஹார்ட் பதிப்பகத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஜான் செல்பி ஓர் இளம் பெண் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெண் அனுப்பிவைத்த நாவலின் ஒன்பது அத்தியாயங்களைப் படித்துவிட்டு எழுதிய கடிதம். எழுத்தில் திறமை இருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நாவல் விசித்திரமாக இருக்கிறது, எழுதியவரின் வாழ்வனுபவம் குறுகலாக இருப்பதுதான் அதற்குக் காரணமோ என்று தோன்றுகிறது, சேர்ந்து உட்கார்ந்து மாற்றியமைத்தால் சரிசெய்துவிடலாம் என்ற தொனியில் இருந்தது கடிதம்.

அதைப் பெற்ற ஃப்ளானரி ஓ'கானருக்கு அப்போது வயது 23. வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரைன்ஹார்ட் நிதியளித்த 750 டாலர் பரிசை வாங்கியிருந்தார். அதனால் நாவலை முதலில் அவர்களிடமே காட்டவேண்டிய கட்டாயமும் இருந்தது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் சற்று வளைந்துகொடுத்திருப்பார்கள். அவர் வளையவில்லை. வழக்கமான நாவல் எழுத நான் உட்காரவில்லை, நீங்கள் குறை என்று சொல்லும் விசித்திரம்தான் இந்தப் புத்தகத்தின் பலம், நான் செய்ய நினைப்பதற்குள் நின்று விமர்சித்தால் கேட்டுக்கொள்கிறேன் என்ற பொருளில் பதில் எழுதிப் போட்டார்.

அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் துணிச்சல் மட்டும் புத்தகமாக அச்சேறிவிடாது. 1952 மே 15 அன்று ஹார்கோர்ட் பிரேஸ் பதிப்பகம் 'வைஸ் பிளட்' என்ற பெயரில் அந்த நாவலை வெளியிட்டது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் கைப்பிரதி யார் யார் கைக்குப் போனது, அவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு என்ன செய்தார்கள் என்பதைப் பின்தொடர்ந்து போனால், 'ஆள் தெரிந்திருக்க வேண்டும்' என்று நாம் அலுப்போடு சொல்வதற்கு வேறொரு முகம் தெரிகிறது.

முதலில் அந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம். கிறிஸ்தவப் புனைகதை என்றதும் பலர் எதிர்பார்ப்பது, பாவி மனம் திரும்பி எல்லாம் சுபமாக முடியும் கதை. ஓ'கானரின் நாயகன் ஹேசல் மோட்ஸ், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த ஒருவரின் பேரன். ராணுவத்திலிருந்து திரும்பியவன், கிறிஸ்து இல்லாத சபை ஒன்றை நிறுவப்போவதாகப் பழைய கார் மீது ஏறி நின்று பிரசங்கம் செய்கிறான். அவன் எவ்வளவு ஓடினாலும் கிறிஸ்து அவனை விடுவதாக இல்லை. கடைசியில் சுண்ணாம்பால் தன் கண்களையே அவித்துக்கொள்கிறான். எழுதியவரோ நாள் தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கப் பெண். விசுவாசத்தில் இருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்பது மேலோட்டமாகப் படிப்பவருக்குப் பிடிபடாது. பக்திப் பதிப்பகங்களுக்கு அது பயமுறுத்தும் கதை, பொதுப் பதிப்பகங்களுக்கோ புரியாத கதை. இப்படி இரண்டு பக்கமும் இடமில்லாத எழுத்தைத்தான் நண்பர்கள் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் 1925-இல் பிறந்த ஓ'கானர், 1945-இல் அயோவா பல்கலைக்கழகத்துக்கு இதழியல் படிக்கப் போனார். எழுத்துப் பட்டறையை நடத்திவந்த பால் எங்கிளின் அறைக்கு ஒருநாள் வந்து நின்று தெற்கத்திப் பேச்சில் ஏதோ சொல்ல, எங்கிளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயரையும், தான் பத்திரிகையாளர் இல்லை என்பதையும், பட்டறையில் சேரலாமா என்ற கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் அந்தப் பெண். கதைகளைப் படித்துப் பார்த்து எங்கிள் சேர்த்துக்கொண்டார். அந்த நாட்களில் ஓ'கானர் எழுதிவந்த ஜெப நோட்டு 2013-இல்தான் புத்தகமாக வந்தது. நல்ல எழுத்தாளராக வேண்டும், எழுதியதை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கடவுளிடம் வெளிப்படையாகவே அதில் கேட்கிறார். எழுத்து பிரசுரமாக வேண்டுமென்று ஆசைப்படுவதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. 1946-இல் 'ஆக்சென்ட்' இதழில் முதல் கதை வந்தது. 1948-இல் 'சுவானி ரிவியூ' அவருடைய 'தி டிரெய்ன்' கதையை வெளியிட்டது.

அதே 1948-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரடோகா ஸ்பிரிங்ஸில் உள்ள யாடோ என்ற கலைஞர் இல்லத்தில் தங்கி எழுத இடம் கிடைத்தது. அங்கே தங்கியிருந்த ஒருவர் சொன்ன பெயரைப் பிடித்துக்கொண்டு எலிசபெத் மெக்கீ என்ற ஏஜெண்டுக்குக் கடிதம் போட்டார். மெக்கீ அவரை ஏற்றுக்கொண்டார். பிறகு கவிஞர் ராபர்ட் லோவெல் அங்கே வந்துசேர்ந்தார். முந்தைய ஆண்டுதான் புலிட்சர் பரிசு வாங்கியிருந்தவர், ஒருகாலத்தில் கத்தோலிக்கராக மாறியவர். ஓ'கானரின் எழுத்தில் இருந்த வேதப் பிடிப்பை அவர் உடனே கண்டுகொண்டார். நியூயார்க் போனபோது ஹார்கோர்ட் பிரேஸில் தன் பதிப்பாசிரியரான ராபர்ட் ஜிரூவின் அலுவலகத்துக்கு அவரை அழைத்துப்போனார்.

ஜிரூ ஏசு சபையார் நடத்திய பள்ளியில் படித்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தனக்கு நண்பராக இருந்த தாமஸ் மெர்ட்டன் துறவியாகி எழுதிய தன்வரலாற்றை 1948-இல் பதிப்பித்து, அது அமோகமாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. விசுவாசத்தைத் தீவிரமாக எழுதுகிறவர்களைக் கண்டு மிரளாத பதிப்பாசிரியர் அன்று நியூயார்க்கில் ஒருவர் இருந்தார் என்றால் அவர் இவர்தான். அதிகம் பேசாத இந்தப் பெண்ணிடம் அசாதாரணமான ஏதோ இருக்கிறது என்று முதல் சந்திப்பிலேயே அவருக்குப் பட்டது. ரைன்ஹார்ட்டிடமிருந்து விடுபட நடந்த இழுபறி நீண்டது. எங்கே போவது என்று தெரியாமல் அல்ல, போகவேண்டிய இடம் தெரிந்தே ஓ'கானர் அதைத் தாங்கிக்கொண்டார்.

அந்தத் தொடர்பும் இலவசமாக வந்துவிடவில்லை. 1949 பிப்ரவரியில், யாடோவின் இயக்குநர் எலிசபெத் ஏம்ஸ் கம்யூனிஸ்டுகளுக்கு இடம் கொடுத்தார் என்று லோவெல் ஆவேசமாகக் குற்றம் சாட்டினார். ஓ'கானர் அவர் பக்கம் நின்றார். நிர்வாகக் குழு குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. அடுத்த சில வாரங்களில் லோவெல் கடும் மனநோயில் விழுந்தார். தனக்கு உதவியவர் பின்னால் போய் நின்றதால், தனக்கு இடம் கொடுத்த ஒரு பெண்மணிக்கு எதிராக ஓ'கானர் சாட்சி சொல்ல நேர்ந்தது. தொடர்புகளைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

யாடோவை விட்டு வெளியேறிய பிறகு லோவெல் செய்த இன்னொரு அறிமுகம்தான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் பெரியது. ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், சாலி என்ற கத்தோலிக்கத் தம்பதியிடம் ஓ'கானரைக் கூட்டிப்போனார். கணவர் கவிஞர், கிரேக்க நாடகங்களை மொழிபெயர்ப்பவர். 1949 செப்டம்பரில் கனெக்டிகட்டின் ரிட்ஜ்ஃபீல்டில் காட்டை ஒட்டியிருந்த அவர்கள் வீட்டுக்கு ஓ'கானர் குடிவந்தார். கார் கொட்டகைக்கு மேலே ஓர் அறை. மாதம் 65 டாலர் வாடகை. அதோடு தினமும் ஒரு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு.

அந்த வீட்டின் நாட்கள் எப்படி ஓடின என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். காலையில் பூசை. கணவன் மனைவியில் ஒருவர் ஓ'கானரோடு காரில் போக, மற்றவர் குழந்தைகளோடு இருப்பார். அடுத்த நாள் முறை மாறும். திரும்பிவந்து காலை உணவு. பிறகு நண்பகல் வரை தட்டச்சு இயந்திரத்தின் முன்னால். மதியத்துக்கு மேல் அரை மைல் நடந்து தபால் பெட்டிக்குப் போவார். அம்மாவுக்கு அன்றாடம் ஒரு கடிதம். இரவில் குழந்தைகள் தூங்கிய பின் பெரியவர்கள் மூவரும் உட்கார்ந்து புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள். எழுதுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜெபம், நேரம், ஒத்த மனமுள்ளவர்களோடு பேச்சு. பதிப்பாளரிடம் சிபாரிசு செய்வதைவிட அரிய உதவி, ஒருவருக்கு எழுத ஓர் அறையைக் கொடுத்து நடுவில் தொந்தரவு செய்யாமல் இருப்பது.

அந்தப் பேச்சுகள் நாவலுக்குள்ளேயே புகுந்தன. மோட்ஸை எப்படி முடிப்பது என்று தெரியாமல் ஓ'கானர் திணறிக்கொண்டிருந்தார். டட்லி ஃபிட்ஸுடன் சேர்ந்து ஃபிட்ஸ்ஜெரால்ட் மொழிபெயர்த்த 'ஈடிபஸ் அரசன்' அந்த ஆண்டுதான் வந்திருந்தது. சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகங்களை ஓ'கானர் முதன்முதலாகப் படித்தது அந்த வீட்டில்தான். தன் கண்களைத் தானே குத்திக்கொண்ட கிரேக்க அரசனிடமிருந்து ஹேசல் மோட்ஸின் முடிவு கிடைத்தது. முடிவு கிடைத்தபின், அதற்குப் பொருந்தும்படி முந்தைய பகுதிகளையெல்லாம் திருத்தி எழுதினார். வேறெந்த வீட்டில் தங்கியிருந்தாலும் இந்த நாவல் இப்படி முடிந்திருக்காது.

1950 டிசம்பரில் கைப்பிரதியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது தோள்கள் கனத்து, கைகளைத் தூக்க முடியாமல் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு ரயிலேறி ஊருக்குப் போனவர், போய்ச் சேரும்போது நடை தளர்ந்த கிழவரைப் போல இருந்தார். 1941-இல் தன் தந்தையைக் கொண்டுபோன அதே லூபஸ் நோய். மாதக்கணக்கில் மருத்துவமனை. பிறகு மில்லெட்ஜ்வில் ஊருக்கு நாலு மைல் வெளியே ஆண்டலூசியா என்ற பண்ணை வீட்டில், அம்மா ரெஜினாவின் பராமரிப்பில் எஞ்சிய வாழ்நாள். ஐந்தாண்டுகள் ஊரைவிட்டு வெளியே போய்ச் சம்பாதித்த நட்புகள் அதன்பின் தபால் வழியாகவே உயிரோடு இருந்தன.

தபால் என்றதும் கரோலின் கார்டனைச் சொல்லாமல் முடியாது. 1951-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் 'வைஸ் பிளட்' பிரதியை அவருக்கு அனுப்பினார். கார்டன் தெற்கைச் சேர்ந்த நாவலாசிரியர், 1947-இல் கத்தோலிக்கரானவர். இளமையில் நாவலாசிரியர் ஃபோர்ட் மேடாக்ஸ் ஃபோர்டிடம் செயலாளராக வேலை பார்த்தவர். தன் முதல் நாவலை முடிக்க முடியாமல் அவர் தவித்தபோது, ஃபோர்ட் அவரை உட்காரவைத்து, சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொண்டார். அந்த 'பென்ஹாலி' நாவல் 1931-இல் வந்தது. அப்படி ஒரு மூத்தவரின் உழைப்பை வாங்கிக்கொண்டவர், அதே உழைப்பை முன்பின் பார்த்திராத ஒரு நோயாளிப் பெண்ணுக்குக் கொடுத்தார்.

பாராட்டி இரண்டு வரி எழுதிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. திருத்திய பிரதி வந்ததும், நெருக்கமாக அடித்த ஒன்பது பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பினார். கதைசொல்லியின் மொழியும் பாத்திரங்களின் மொழியும் கலந்துவிடக் கூடாது, பாத்திரம் கொச்சையாகப் பேசலாம், கதைசொல்லி அப்படிப் பேசக் கூடாது என்றார். காட்சிகள் மூச்சுவிடாமல் ஓடுகின்றன, படிப்பவர் நின்று சுற்றிலும் பார்க்க இடம் கொடு என்றார். ஒரு பொருளை வாசகர் கண்முன் நிறுத்தக் குறைந்தது மூன்று புலனனுபவங்களாவது வேண்டும் என்று ஃப்ளாபேரிடம் தான் கற்றதைச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் ஓ'கானர் தன் சொற்பொழிவு ஒன்றில், தான் மிகவும் மதிக்கும் எழுத்தாளப் பெண்மணி ஒருவர் சொன்னதாக இந்தப் பாடத்தை மாணவர்களுக்குக் கொடுத்தார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

செல்பியிடம் விட்டுக்கொடுக்காத ஓ'கானர், கார்டன் சொன்னதைக் கேட்டுப் பக்கம் பக்கமாகத் திருத்தினார். கார்டனின் விமர்சனம் செல்பியுடையதைவிடக் கடுமையானது, நுணுக்கமானது. ஆனால் மோட்ஸ் ஏன் கிறிஸ்துவிடமிருந்து ஓடுகிறான் என்பதைக் கார்டன் யாரும் விளக்காமலே புரிந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் விளங்கியவருக்கு மட்டுமே வாக்கியத்தில் கைவைக்கும் உரிமையை எழுத்தாளர் கொடுக்கிறார். ஒரே விசுவாசத்தில் இருப்பவர்களின் நட்பு எழுத்தாளருக்கு எதற்கு என்று கேட்டால் இதைத்தான் நான் சொல்வேன். பாராட்டு யாரிடமும் கிடைக்கும். விளக்கம் சொல்லித் தற்காத்துக்கொள்ள அவசியமில்லாத இடத்தில்தான் எழுத்தின் குறைகளைத் தைரியமாகப் பார்க்க முடியும்.

புத்தகம் வந்தபோது கார்டனின் பெயர் அட்டையிலும் துணை நின்றது. இத்தகைய விளைவை நம் காலத்தில் காஃப்காவைத் தவிர வேறு யாரும் சாதிக்கவில்லை என்ற கருத்தில் அவர் எழுதிய வரிகள் மேலுறையில் அச்சாயின. அப்படியும் விமர்சகர்கள் பலருக்கு நாவல் பிடிபடவில்லை. நாத்திகப் பிரசாரம் என்று நினைத்தவர்களும் உண்டு. 1962-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, கிறிஸ்துவை நம்புவது சிலருக்கு வாழ்வா சாவா என்ற விஷயம் என்பதை ஒரு சிறு முன்குறிப்பில் ஓ'கானரே எழுதவேண்டி வந்தது. ஜிரூ ஆண்டலூசியாவுக்கு வந்திருந்தபோது, நல்ல மனிதர்களைப் பற்றி எழுதும்படி ஃப்ளானரியிடம் சொல்லக் கூடாதா என்று ரெஜினா அவரைக் கேட்டிருக்கிறார். ஜிரூவுக்குச் சிரிப்பு வந்தது. மகளின் முகத்தில் அசைவே இல்லை.

தொடர்பு இருந்தால் போதும், புத்தகம் வந்துவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. கார்டனிடம் அதே 1951-இல் இன்னொரு கைப்பிரதியும் வந்தது. லூசியானாவில் வசித்த வாக்கர் பெர்சி, காசநோயால் மருத்துவத்தை விட்டவர், 1947-இல் கத்தோலிக்கரானவர், 'தி சார்ட்டர்ஹவுஸ்' என்ற தன் முதல் நாவலை அனுப்பியிருந்தார். கார்டன் அவருக்கும் மிக நீண்ட கடிதம் எழுதினார். அதே அக்கறை, அதே உழைப்பு. ஆனால் அந்த நாவல் கடைசிவரை வெளிவரவே இல்லை. பெர்சி பத்தாண்டுகள் காத்திருந்தார். 1961-இல் 'தி மூவிகோயர்' வந்தது, அடுத்த ஆண்டு தேசிய நூல் விருது பெற்றது. கார்டனின் கடிதத்தால் அவருக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது கிடைத்தது, அது பலிக்கக் காலம் பிடித்தது.

அந்தப் பெர்சியைத் தேடித்தான் 1976-இல் நியூ ஆர்லியன்ஸின் லயோலா பல்கலைக்கழகத்துக்கு ஒரு வயதான தாய் வந்தார். பெயர் தெல்மா டூல். மகன் ஜான் கென்னடி டூல் எழுதிய நாவலை ஒரு பெரிய பதிப்பகம் நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் ஏற்காமல் விட்டது. 1969-இல் மகன் தற்கொலை செய்துகொண்டார். மை மங்கிய அந்தப் பிரதியைப் படித்தே ஆகவேண்டும் என்று தாய் வற்புறுத்தினார். சில பக்கங்களிலேயே மோசம் என்று தெரிந்துவிட்டால் மனச்சாட்சி உறுத்தாமல் நிறுத்திவிடலாம் என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கியதாகப் பெர்சி எழுதியிருக்கிறார். நிறுத்த முடியவில்லை. 1980-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அச்சகம் 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்ஸஸ்' நாவலை வெளியிட்டது. 1981-இல் புலிட்சர் கிடைத்தது. மகனுக்கு அமையாத வாசகரைத் தாய் நேரில் போய்ப் பிடித்தார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 'வைஸ் பிளட்' வெளிவந்த 1952-இல், ஆண்டலூசியாவிலிருந்து சில நிமிடத் தூரத்தில், அதே சாலையில் ஒரு கறுப்பினக் குத்தகை விவசாயக் குடும்பம் வசித்தது. அந்த வீட்டின் எட்டு வயதுப் பெண்தான் பின்னாளில் எழுத்தாளரான ஆலிஸ் வாக்கர். 1975-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இரண்டு வீடுகளுக்கும் இடையிலிருந்த தொலைவை அவர் வலியோடு அளந்து பார்க்கிறார். ஓ'கானருக்குக் கை கொடுத்த பல்கலைக்கழகங்களும் இதழ்களும் கலைஞர் இல்லங்களும் அன்று பெரும்பாலும் வெள்ளையர்களின் உலகம். ஒரே ஜெபத்தைச் சொல்கிறவர்களிடையேகூட அந்த வாசல்கள் ஒன்றுபோலத் திறக்கவில்லை. வாக்கரின் முதல் கவிதைத் தொகுதி 1968-இல் வந்ததும் ஒரு மனிதத் தொடர்பால்தான். கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக இருந்த கவிஞர் மியூரியல் ருகைசர், அந்தக் கவிதைகளைத் தன் ஏஜெண்டிடம் கொடுத்தார். யாருக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்க்கிறார், யாருக்கு வாய்ப்பதில்லை என்பதில் திறமையைத் தாண்டிய அநீதி இருக்கிறது. அதற்காகத் தொடர்புகளை வெறுத்துப் பயனில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் யாருடைய கைப்பிரதியைப் பிரிக்கிறார்கள் என்பதைத்தான் கேட்கவேண்டும்.

ஓ'கானர் பிரித்தார். 1960-இல் அட்லாண்டாவின் இலவசப் புற்றுநோய் இல்லத்தை நடத்திய கன்னியர், தங்கள் பராமரிப்பில் வளர்ந்து பன்னிரண்டு வயதில் இறந்த மேரி ஆன் என்ற சிறுமியைப் பற்றிப் புத்தகம் எழுதும்படி அவரைக் கேட்டார்கள். முகத்தில் கட்டியோடு வாழ்ந்த குழந்தை. நீங்களே எழுதுங்கள், நான் திருத்தித் தருகிறேன், முன்னுரையும் எழுதுகிறேன் என்றார். கன்னியர் உண்மையிலேயே எழுதி அனுப்பினார்கள். நடையில் குறைகள் இருந்தன. அதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, அந்தக் குழந்தையை ஏன் மறக்க முடியவில்லை என்றும் எழுதினார். பிறகு பிரதியை ஜிரூவுக்கு அனுப்பினார். யாரும் பதிப்பிக்க மாட்டார்கள் என்று தலைமைக் கன்னியரோடு ஒரு ஜோடி மயிலைப் பந்தயம் கட்டித் தோற்றார். 1961-இல் புத்தகம் வந்தது.

1964 கோடையில், மரணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, 'பார்க்கர்ஸ் பேக்' என்ற கதையை முடித்துக் கார்டனுக்கு அனுப்பினார். நாடறிந்த எழுத்தாளர் அவர் அப்போது. கார்டனோ வழக்கம்போல நிறைய ஆலோசனைகள் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று ஓ'கானர் தன் தோழி ஒருவருக்கு எழுதினார். ஆகஸ்ட் 3 அன்று, 39-ஆவது வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜிரூ பதிப்பிக்க, ஃபிட்ஸ்ஜெரால்ட் முன்னுரை எழுத, கடைசித் தொகுதியில் அந்தக் கதை வெளிவந்தது.